மூட்டத்தில் வைத்துப் பார்த்த போன்

வேல்ராஜ் எங்களுக்குத் தர வேண்டியிருந்தது முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். முதுகுளத்தூருக்குத் தெற்கே அவருடைய காட்டில் நானும் என் வீட்டுக்காரி முருகலட்சுமியும் சீமைக்கருவேலம் வெட்டி, விறகை அடுக்கி மண் பூசி மூட்டம் போட்டு, கரியாக்கி, மூட்டை பிடித்துக் கொடுத்த கூலி அது. கரி லாரி ஏறிப் போய்விட்டது. வாங்கிய வெளியூர்க்காரன் இன்னும் பணம் போடவில்லை என்றே வேல்ராஜ் சொல்லிக்கொண்டிருந்தார். அடகுக்கடையில் கிடந்த முருகலட்சுமியின் செயின் அந்த மாதக் கடைசியில் மூழ்கிவிடும். அது அவருக்கும் தெரியும்.

அடுத்த மூட்டத்துக்குத் தீ வைத்த அன்று அவர் தன் போனை எடுத்து என் கையில் வைத்தார். அதைச் செய்த கம்பெனியின் ஆண்ட்ராய்டு போன்களிலேயே அதுதான் உசத்தி, போன வருசம் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது என்றார். அவருக்கு மச்சான் வெளிநாட்டிலிருந்து வேறொன்று அனுப்பியிருந்தார்.

“அன்றாடத்துக்கு ஒத்து வருதான்னு ரெண்டு நாள் வச்சுப் பாருப்பா உக்கிரபாண்டி. புடிச்சா கூலிக்கு ஈடாப் போச்சு. புடிக்கலேன்னா திருப்பிக் குடு, கையில காசு வாரப்பத் தாரேன்.”

காசு எப்போது வரும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முருகலட்சுமிக்கு வந்தது.

“அடகுக்கடைக்காரருகிட்ட போயி நின்னா, பணத்துக்குப் பதிலா அவர ஒரு போட்டா புடிச்சுக் குடுத்துட்டு வரவா மொதலாளி?”

வேல்ராஜ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என் பட்டன் போனிலிருந்து சிம்மைக் கழற்றி, ஊசி போன்ற ஒரு கம்பியால் புதுப் போனின் ஓரத்தைக் குத்தித் திறந்து அவரே போட்டுக் கொடுத்தார். பட்டன் போன் அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விட்டது.

உள்ளதைச் சொல்ல வேண்டும், போன் நல்ல போன்தான். நான் எழுத்துக் கூட்டப் படித்ததே நாற்பது வயதுக்கு மேல், அறிவொளி மாதிரி நடத்திய ஒரு சாயங்கால வகுப்பில். பட்டன் போனில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். இதில் எழுத்தைப் பெரிதாக்கித் தமிழில் வைத்ததும் உச்சி வெயிலிலும் தெரிந்தது. மூட்டத்துக் கொட்டகையில் கரண்டு கிடையாது. ஒரு தடவை ஏற்றிய சார்ஜ் மறுநாள் வரைக்கும் நின்றது. விரல் ரேகையை மட்டும் அது ஏற்கவில்லை. ரேஷன் கடை மிஷினும் என் விரலை ஏற்காது, அதனால் வருத்தமில்லை. முகத்தைக் காட்டினால் திறந்தது, கரி அப்பியிருந்தால் ஆள் தெரியாமல் முழித்தது. கடைசியில் புள்ளிகளை இணைத்து ‘ப’ போடுகிற மாதிரி பூட்டு வைத்துக்கொண்டேன்.

மனசு சாய்ந்துவிட்டது. இதை விற்றால் செயினை மீட்கலாமே என்று முருகலட்சுமியிடம் சொன்னேன். விற்கிறதென்றால் அவரே விற்றுக் காசாகத் தரவேண்டியதுதானே, நம் தலையில் ஏன் கட்டுகிறார் என்று கேட்டாள்.

கரித்தூள் பட்டுக் கெட்டுவிடக் கூடாது என்று போனைப் பாலிதீன் பையில் சுற்றி, வேட்டி மடிப்பில் செருகி, மேலே துண்டை இறுக்கிக் கட்டியிருந்தேன். கரிக்காட்டில் பணமோ தீப்பெட்டியோ எதையும் அப்படித்தான் வைப்போம்.

மறுநாள் மத்தியானம் மூட்டத்தின் தெற்குப் பக்கம் மண் வெடித்தது. மூட்டம் என்பது உள்ளே புகைந்துகொண்டே இருக்க வேண்டும். வெடிப்பு வழியாகக் காற்றுப் புகுந்தால் கொழுந்து விட்டு எரியும், அடுக்கிய விறகெல்லாம் கரியாகாமல் சாம்பலாகும். முருகலட்சுமி ஈர மண்ணை வாரி அப்பினாள். குடத்துத் தண்ணீர் தீர்ந்துபோனது. கொட்டகை பக்கம் காற்று வேறு திரும்பியது. தண்ணீர் டேங்க் மாட்டிய டிராக்டரோடு முனியசாமி கண்மாய்க் கரையில் நின்றான். கூப்பிட்டால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவான்.

துண்டை அவிழ்த்துப் பையைப் பிரித்தேன். போன் தோசைக்கல்லின் அடிப்பக்கம் போலக் கொதித்தது. ‘ப’ போட்டேன். முனியசாமி பேர் வரவில்லை. அதற்குப் பதிலாக ஏதோ எழுத்து வந்தது. நான் கூட்டிப் படித்தேன். ‘சாதனம்... அதிக... வெப்ப...’

மிச்சத்தைப் படிப்பதற்குள் திரை இருண்டுவிட்டது.

எந்தப் பொத்தானை அமுக்கியும் எழும்பவில்லை. முருகலட்சுமி மூட்டத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு, இன்னும் என்ன படிக்கிறீக என்று கத்தினாள். அவள் காலடியில் மண் உள்வாங்குவது எனக்குத் தெரிந்தது. உள்ளே விழுந்தால் எடுக்க முடியாது. இறங்கச் சொல்லிவிட்டுப் போனைக் கீழே போட்டேன். கருவேல முள்ளுக்குள் கண்மாயைப் பார்த்து ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது.

டிராக்டர் வந்து தண்ணீர் பாய்ச்சி முடித்தபோது மூட்டத்தில் கால் பங்குக்கு மேல் சாம்பல். முருகலட்சுமியின் முழங்கைக்குக் கீழே தோல் வழன்றிருந்தது. கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். போன் ஆறியதும், ஒன்றும் நடக்காத மாதிரி, தானாக எழுந்துகொண்டது.

வேல்ராஜ் பைக்கை நிறுத்திவிட்டு மூட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். எரிந்த விறகைக் கூலியில் கழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். செயின் போனது போனதுதான். நான் போனை நீட்டி நடந்ததைச் சொன்னேன்.

“ஏலே, பாலிதீன்ல பொட்டலங் கட்டி இடுப்புல சொருகுனா எந்தப் போனுதான் தாங்கும்? அதக் கையில வச்சிருக்கணும்.”

“கையில மம்பட்டி இருக்கே மொதலாளி” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “அன்றாடத்துக்கு ஒத்து வருதான்னு பாக்கச் சொன்னீக. பாத்துட்டேன். நல்ல போனு. ஆனா எங்க அன்றாடம் இதுதான்.”

அவர் முனியசாமியைப் பார்த்தார். அவன் டேங்க் குழாயைச் சுருட்டுவதிலேயே கவனமாக இருந்தான். முருகலட்சுமி கையைத் துணியோடு மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவள் ஏதாவது பேசியிருந்தால் அவருக்கும் பேச்சு வந்திருக்கும்.

“மத்தியானம் நானுங் கூப்புட்டேன்” என்றார் கடைசியில். “மூட்டம் எப்புடி இருக்குன்னு கேக்கத்தான். சுச்சாப்புன்னு வந்துச்சு. போன அமத்திட்டுப் படுத்துட்டான் போலன்னு நெனச்சேன்.”

போனை வாங்கிக்கொண்டு, நாளைக்கு அதை விற்றுக் காசாகவே தருவதாகச் சொன்னார். முதலில் முருகலட்சுமியை ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து போட்டோம். மறுநாள் காலையில் வேல்ராஜும் நாங்களும் முதுகுளத்தூரில் ஹமீது சுல்தானின் போன் கடைக்குப் போனோம். பழைய போன் வாங்கி விற்கிறவர் அவர். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கேமராவைத் திறந்து எங்கள் மூன்று பேரையும் பிடித்துப் பார்த்தார், சார்ஜ் எவ்வளவு பிடிக்கிறது என்று ஏதோ தட்டிப் பார்த்தார். பொருளில் குறையில்லை, புது மாடல் வந்துவிட்டதால்தான் விலை இறங்கிவிட்டது என்று சொல்லி முப்பத்து நாலாயிரம் எண்ணி வைத்தார். லட்ச ரூபாய்ப் பொருள் என்று வேல்ராஜ் வாதாடினார். இப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள் என்றார் ஹமீது சுல்தான். பணத்தின் மேல் வைத்த கையை வேல்ராஜ் கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. அவர் தரப்போகிறார் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு அப்படியே என் பக்கம் தள்ளினார்.

“மிச்சம் நாலாயிரத்து நானூறு. இந்த மூட்டத்துக் கரிய ஏத்துனதும் தாரேன்.”

நான் முருகலட்சுமியைப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையால் பணத்தை வாங்கிக்கொண்டு அவளே சொன்னாள்.

“அது எரிஞ்ச வெறகுக்குப் போகட்டும் மொதலாளி. இனிமே நீங்களும் எங்களுக்குப் பாக்கி இல்ல, நாங்களும் ஒங்களுக்குப் பாக்கி இல்ல.”

வேல்ராஜ் தலையை மட்டும் அசைத்தார். அடகுக்கடை திறந்திருந்தது. நாங்கள் நேரே அங்கே நடந்தோம்.