குளியலறையில் விழுந்தவர்கள்

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்துச் சிமென்டுத் தரையில் முட்டி போட்டு, பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்த சன்னாசியின் கழுத்தோரத்தை இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்திக்கொண்டிருந்தாள் நீலாவதி. வெட்டுக்காரன் உடம்பு அது. முப்பது வருசமாக நீளக் கம்பில் அரிவாளை மாட்டிச் எண்ணெய்க்கான செம்பனைக் குலைகளை இழுத்து இழுத்து இறுகிப்போன தசை லேசில் இளகுமா? அவள் விரலெலும்பில் விண்ணென்று வலி ஏறியது. பிசியோதெரபி என்றால் ஏசி அறையும் வெள்ளைக் கோட்டும் என்று நினைக்கிற மகராசர்கள் ஒரு நாள் இங்கே வந்து பார்க்க வேண்டும். கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடுவதற்குள் பதினைந்து உடம்புகளைப் பார்த்தாக வேண்டும்.

அவள் பிறந்தது இதே தோட்டத்து மூன்றாவது லயத்து வரிசை வீடு ஒன்றில்தான். அவள் காலேஜுக்குப் போன நாளில் லயமே பஸ் வரைக்கும் வந்து வழியனுப்பியது. இப்போது சிரம்பான் டவுன் கிளினிக் ஒன்று தோட்டத்துக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, வாரத்தில் மூன்று நாள் அவளை இங்கே அனுப்புகிறது. டவுனை ஒட்டிய ரஹாங்கில் அவளுக்கு ஒரு வாடகை அறை. நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால் இருட்டிலேயே வந்துவிடலாம். வந்து என்ன? இங்கே அவள் கம்பெனி அனுப்பிய மிஸ். கிளினிக்கில் தோட்டத்துப் பெண். டீ குடிக்க அவள் பெஞ்சில் உட்கார்ந்தால், இருந்தவர்கள் மரியாதையாக எழுந்து போய்விடுவார்கள். அந்த மரியாதை அவளை எத்தனையோ நாள் அழ வைத்திருக்கிறது.

ஆபீஸ் வாசலில் ஒரு பலகை உண்டு. விபத்தில்லாமல் எத்தனை நாள் ஓடியது என்று அதில் எழுதியிருக்கும். வருசம் முழுசும் ஓடினால் எல்லாருக்கும் சி ரூசா கடற்கரையில் விருந்து, பிள்ளைகளுக்கு விளையாட்டு. ஒருத்தர் வேலையில் விழுந்தேன் என்று வாய் திறந்தால் அத்தனை பேருக்கும் போச்சு. அதனால் யார் எங்கே விழுந்தாலும் ஒரே பேச்சுதான்: "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் மிஸ்." எட்டு மாதத்தில் பதினோரு பேர் பாத்ரூமில் விழுந்திருந்தார்கள். பதினொன்றையும் நீலாவதிதான் ஃபைலில் எழுதினாள்.

தெரியாமலா எழுதினாள்? குலை விழுந்து கன்றிய தோளுக்கும் தண்ணீரில் வழுக்கிய தோளுக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியாதா? தன் சனத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பேர் வேண்டாம் என்று எழுதினாள். வாயை மூடிக்கொண்டு கூட இருந்தால் பழையபடி சேர்த்துக்கொள்வார்கள் என்று ஏங்கி எழுதினாள். பெரிய தப்பு. வேலையில் பட்ட அடிக்குத்தான் சம்பளத்தோடு ஓய்வு. வீட்டில் வழுக்கியவனுக்கு ஒன்றும் கிடையாது.

"எந்திரிச்சு உக்காருங்க மாமா. கையை மேல தூக்குங்க."

சன்னாசி தூக்கினார். காது மட்டத்துக்கு வருமுன்னே கை நடுங்கிக் கீழே விழுந்தது. தோளுக்குள் தசைநார் கிழிந்திருந்தது.

"இன்னைக்கிக் கம்பு தூக்கலேன்னா கம்பெனி வீட்டுச் சாவியைக் குடுத்துடணுமாம் மிஸ்," என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி மாரியம்மா. "எங்க போவோம்?"

மானேஜர் பிரேமநாதன் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். அதட்டிப் பேசாத மனிதர். கையில், ஆள் வேலைக்குத் தகுதி என்று கையெழுத்துக் கேட்கும் ஒரு போரம்.

"குட் மார்னிங் நீலாவதி. சன்னாசிக்கு இன்னும் ஃபிட் சைன் வைக்கலையே. வெட்டுக்கு ஆள் பத்தல லா."

"இந்தக் கையோட கம்பு தூக்கினா தோள் மொத்தமா போயிடும் சார். அப்புறம் சோத்துக் கையும் வாய்க்கு வராது."

"பாவந்தான். அதுக்குக் கம்பெனி என்ன செய்யும்? வீட்டு பாத்ரூம்ல விழுந்தவர். உங்க கையெழுத்துலயே இருக்கு."

"நான் எழுதினது பொய் சார்."

அவர் போரத்தை அவள் மேசைமேல் வைத்தார். "யோசிச்சுப் பேசுங்க. பதினோரு ஃபைல். பொய்னு நீங்களே சொன்னா உங்க லைசென்ஸ் நிக்குமா? எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்ச பொண்ணு நீங்க."

லைசென்ஸ் போனால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது? அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் இரவுக் கடையில் தட்டுக் கழுவிப் படித்தாள். களத்தில் நின்ற அறுபது பேரில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த உலகத்தில் தனக்கென்று ஓர் ஆள் இல்லை என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

"தெரியும் சார்," என்றாள். போரத்தை அவர் பக்கமே தள்ளினாள். "லைசென்ஸ் போனா போகட்டும். இதுல சைன் வைக்க மாட்டேன். பதினொன்னையும் திருத்தி எழுதப் போறேன்."

"அப்ப நாளையிலிருந்து நீங்க வர வேணாம். கிளினிக்குக்கு நான் பேசிக்கிறேன்." அவர் மண்டோர் பக்கம் திரும்பினார். "பேர் கூப்பிடு."

மண்டோர் அர்ச்சுனன் நோட்டை விரித்து முதல் பேரை வாசித்தான். பதில் இல்லை. இரண்டாம் பேருக்கும் இல்லை. மூன்றாவது மோகனாவின் பேர். உதிரிப்பழம் பொறுக்குகிறவள், இடுப்பில் பட்டை கட்டியிருந்தாள். அவள் ஆள் ஏற்றும் லாரிப் பக்கம் போகாமல் நேராக நீலாவதியின் மேசைக்கு வந்தாள்.

"என் இடுப்பு பாத்ரூம்ல போகல சார். மூட்டையோட வாய்க்கால் பலகையில ஏறினேன், மக்கின பலகை, ஒடிஞ்சு போச்சு. ரெண்டு வருசமா மாத்திக் குடுங்கன்னு கேக்கறோம்."

"மோகனா, விருந்தை நெனச்சுப் பாரு. பிள்ளைங்க ஆசையா இருக்கும்," என்றார் மானேஜர்.

"ஒரு நாள் சோத்துக்குத்தான சார் இவ்வளவு நாளும் வாய மூடிக்கிட்டு இருந்தோம். வெக்கமா இருக்கு."

சன்னாசி பாயிலிருந்து எழுந்தார். "பதினேழாம் பிளாக்குல மிஸ். மழை விட்ட நேரம், குலை சறுக்கித் தோள்ல விழுந்துச்சு. எழுதுங்க."

"சாயா நம்பாக்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். இந்தோனேசியத் தொழிலாளி சுபார்னோ, தான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். இங்கே தங்கி வேலை செய்யும் பெர்மிட் கம்பெனி கையில் இருக்கிறவன். அவனுக்கு இது சின்னப் பேச்சல்ல. "நான்தான் குலையைப் புரட்டி இவரைத் தூக்கினேன். என் பேரையும் சாட்சிக்குப் போடுங்க," என்று மலாயில் சேர்த்துச் சொன்னான்.

ஆட்கள் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். சன்னாசி வீட்டுச் சாமானில் கை வைத்தால் அன்றைக்கு யாரும் வெட்டப் போவதில்லை என்று யாரோ சொன்னார்கள். ஆமாம் என்று பல குரல்கள் எழுந்தன. திங்கட்கிழமை எல்லாருமாக சிரம்பான் தொழிலாளர் இலாகாவுக்குப் போவது என்று பேச்சு எழுந்தது. பிரேமநாதன் ஜீப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் போட்டார். அர்ச்சுனன் நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

இலாகா கேட்குமா, லைசென்ஸ் நிற்குமா, வீடு நிலைக்குமா, எதுவும் நீலாவதிக்குத் தெரியாது. கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. அவள் பதினோரு ஃபைலையும் மேசைமேல் அடுக்கிப் பேனாவை எடுத்தாள்.

மோகனா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, இடுப்பைப் பிடித்தபடி அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"நீங்க எழுதுங்க மிஸ்," என்றாள். "நான் ஒவ்வொருத்தரா கூப்பிடறேன்."