கலவரமா, கிளர்ச்சியா?

பண்டாரவளையில் ஓர் அரசியல்வாதியின் அலுவலகத்துக்குக் கீழே தையல் கடை வைத்து, சுற்றுத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குத் துணி தைத்துக் கொடுத்துவந்தாள் றோசாலி. இரண்டாயிரத்து இருபத்திரண்டு மே மாதம் அரசுக்கு எதிராக நாடெங்கும் மக்கள் கொதித்தெழுந்தபோது அந்த அலுவலகத்துக்கும் தீ வைத்தார்கள். கடையும் சேர்ந்து எரிந்ததை அவள் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள்.

அவள் கடைக்குப் பணம் கட்டிவைத்திருந்த காப்புறுதி நிறுவனத்திலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி தயாபரன் எதையும் மறைக்கவில்லை. கலவரத்தில் எரிந்திருந்தால் நட்டஈடு உண்டு. அரசைக் கவிழ்க்கும் கிளர்ச்சியில் எரிந்திருந்தால் இல்லை.

"வெறும் கலாட்டான்னு மட்டும் சொல்லு," என்று அண்ணன் அந்தோனி காதைக் கடித்தான்.

"என்ன சொல்லிக் கத்துனாங்க?" என்று கேட்டார் தயாபரன்.

றோசாலிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆட்சிய இன்னைக்கே புடிக்கணும்னு ஒருத்தன் படியில நின்னு கத்துனான், சார்."

அந்தோனி தலையில் கைவைத்தான்.

"எல்லாரும் அதுக்குத்தான் வந்தாங்களா?" என்றார் தயாபரன்.

"அவன் கத்திக்கிட்டே இருந்தான். மத்தவங்க ஃபேனையும் நாற்காலியையும் தூக்கிக்கிட்டுப் போனாங்க. ஒருத்தன் என் கடையில இருந்த மாப்பிள்ளைச் சட்டையைப் போட்டுப் பாத்துட்டு, பத்தலன்னு கழட்டி எறிஞ்சான். ஆட்சியப் புடிக்கிறவங்க இப்படித்தான் வருவாங்களான்னு எனக்குத் தெரியாதுங்க."

தயாபரன் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து வந்த கடிதத்தில் கலவரம் என்றே இருந்தது; நட்டஈடும் கூடவே வந்தது. றோசாலி பக்கத்துத் தெருவில் மறுபடி கடை திறந்தாள்.

"அவன் கத்துனதை நீ சொல்லாம இருந்திருந்தா பணம் ஒரே மாசத்துல வந்திருக்கும்," என்றான் அந்தோனி.