அவிழ்க்க மறந்த பட்டை

திரையில் 3.6 என்று வந்து நின்றது. பதினெட்டு வருடமாகப் பரிசோதனைக்கூடத்தில் அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்துப் பழகியவள், தம்பியின் பெயருக்கு நேரே இருந்த அந்த எண்ணை நம்ப முடியாமல் பார்த்தாள். போன மாதம் 2.9. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் மூன்றரையைத் தாண்டினால் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிறுநீரக நோயால் நான்கு மாதமாக வெல்டிங் பட்டறைப் பக்கமே போகாத தம்பி, இன்று ரத்தம் கொடுக்க வந்ததே வேலைக்குப் போடும் பூட்ஸில்தான்.

காலையில் அவன் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியது அவள்தான். ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைத்தால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து, உள்ளே புரதம் அடர்ந்து, எண் பொய்யாக ஏறும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே படித்த பாடம். வீங்கிய கையில் நரம்பு அகப்படவில்லை. அவனுக்கோ வாய் ஓயவில்லை.

"புரதத்துல கயிறு மாதிரி ஒண்ணு, உருண்டை மாதிரி ஒண்ணுன்னு சொன்னியே அக்கா. என்கிட்ட எது குறைச்சல்?"

"கயிறு மாதிரி இருக்கற புரதம் தோல்லயும் எலும்புலயும் கெட்டியாத்தான் இருக்கு. ரத்தத்துல இருக்கற உருண்டைதான் சிறுநீர்ல ஓடிப்போகுது. அது இல்லன்னா தண்ணி ரத்தத்துல நிக்காது, காலுக்கு இறங்கிடும்."

"அப்போ அது நம்ம மாமா மாதிரி. வீட்டுல தங்காது."

அவள் சிரித்துவிட்டாள். பட்டை அவன் கையில் கட்டியபடியே இருந்தது. இரண்டு நிமிடமா, மூன்றா?

இப்போது அவள் வெளியே வந்ததும் பெஞ்சில் இருந்தவன் நிமிர்ந்தான். "மூணரை தாண்டுச்சா?"

அவள் அவன் முன்னால் குந்தினாள். பூட்ஸின் மேல் இரண்டு துளைகளில் கயிறு கோக்கப்படாமல் தொங்கியது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். அங்கே குழி விழுந்தது.

"காலைலேருந்து தொங்கப்போட்டே உக்காந்திருக்கேன்ல, அதான்" என்றான். "முதலாளி நாளைக்கே வரச் சொல்லிட்டாரு. நீ காகிதத்தக் குடு."

அச்சடித்த தாள் அவள் கோட்டுப் பையில் இருந்தது. கருவி கண்டதைத்தான் அது சொல்கிறது. அவள் எதையும் மாற்றி எழுதவில்லை. அதே பையில் பட்டையும் சுருண்டு கிடந்தது. விரல்கள் இரண்டையும் மாறி மாறித் தொட்டன.

"இன்னொரு தடவை கைய நீட்டுடா."

"எதுக்கு?"

அவள் பட்டையை வெளியே எடுத்தாள். அவன் சட்டைக் கையை மடிக்கவில்லை. இருவரும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரல் பதிந்த குழி இன்னும் நிரம்பவில்லை.