அரிசிக்குள் பாலன்

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் அழுவதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: "எப்ப எடுக்குறீங்க?" கேட்டுவிட்டுச் செல்லில் மணி பார்க்கிறார்கள். விடிந்தால் கிறிஸ்துமஸ். அவரவர் வீட்டில் முறுக்கு மாவு பிசைந்தபடி கிடக்கிறதாம். செத்தவள் நாள் பார்த்தா சாவாள்?

அருளப்பன் அடுப்படியில் மண்டிபோட்டு, அரிசி டிரம்முக்குள் தோள்வரை கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கூடத்தில் ஐஸ்பெட்டிக்குள் அவர் மனைவி மதலேன் கிடந்தாள். நாலு மணிக்கு அடக்கம். சாமியாருக்கு ராத்திரி கிறிஸ்துமஸ் பூசை இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் இருக்கும்போதே மதலேன் குடிலைக் கட்டிவிடுவாள். பாலன் இயேசுவை மட்டும் துணியில் சுற்றி அரிசிக்குள் புதைத்துவைப்பாள். பிறக்கிறவரைக்கும் பசி தெரியாமல் இருக்கட்டும் என்பாள். இருபத்துநாலாம் தேதி ராத்திரிப் பூசை முடிந்து வந்துதான் எடுத்து வைக்கோலில் கிடத்துவாள். விரல் நீளச் சுரூபம். மூக்கில் சாயம் போய் வெகுகாலம் ஆகிறது. தலைச்சன் பிள்ளை பிறந்த அன்றே செத்துப்போன வருஷம், ஆவூர்க் கோயில் வாசல் கடையில் அருளப்பன்தான் அதை வாங்கி அவள் மடியில் போட்டார். நாற்பத்தாறு வருஷமாயிற்று. இப்போது அதை அவள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். அவருக்கு வேறொன்றும் வேண்டாம்.

டிரம்மில் அரிசிதான் இருந்தது.

"ஏத்தா, எங்க அது?"

"தெரியல மாமா," என்றாள் மருமகள் ஷர்லி. "நான்தான் தெனம் அரிசி அள்ளுறேன். கையில தட்டுப்படவே இல்ல."

"எப்புடித் தட்டுப்படும்? ஒனக்குத்தான் பழசுன்னாலே ஆகாதே. போன வருசமே லைட்டு எரியிற குடிலு வாங்கியாந்தவதானே நீ. குப்பையில வீசுனியா?"

இருபது நாளாக மாமியாருக்கு மலம் அள்ளிய கை, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தது.

கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு இருளாயி ஈரக்கையோடு உள்ளே வந்தாள். மடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"அந்தப் புள்ளைய வையாதீங்கண்ணே. இந்தா இருக்கு."

"ஓங்கிட்ட எப்புடி வந்துச்சு?"

"படுக்கையில விழுந்த அன்னைக்கே மதினிதான் எடுத்துட்டுப் போகச் சொன்னுச்சு. ஒங்க சாமி இம்புட்டு நாளும் எங்க வீட்டு ரேசன் அரிசியிலதான் கெடந்துச்சு. மண்ணு போட்டு வந்தப்பறம் ஒங்க கையில குடுக்கணும்னுச்சு. எங்க, நீங்கதான் விட மாட்டேங்குறீங்களே."

"மண்ணு போட்டப்பறம் எதுக்கு?"

இருளாயி கூடத்துப் பக்கம் பார்த்தாள். "முந்திக் குடுத்தா எங்கூடயே சேத்துப் பொதைச்சிருவாருடி, ஒரு புள்ளையப் பொதைச்சது போதும்னுச்சு."

ஐஸ்பெட்டி இரைந்துகொண்டிருந்தது.

"அவ அப்புடிச் சொல்லியிருக்க மாட்டா," என்றார் அருளப்பன். பொட்டலத்தைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடுமுன், கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அருளப்பன் குனிந்தார். மதலேனின் விரல்களைச் சேர்த்து ஜெபமாலை சுற்றியிருந்தது. சட்டைப்பைக்குப் போன கை அங்கேயே நின்றது. பின்னாலிருந்து யாரோ, "நேரமாச்சுய்யா" என்றார்கள். அவர் நிமிர்ந்துகொண்டார். ஆணி அடித்தார்கள்.

வீடு திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. துக்க வீடென்று வாசல் நட்சத்திரத்தை யாரோ அவிழ்த்துச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். குடிலில் வைக்கோல் வெறுமனே கிடந்தது. அதைத் தாண்டி அருளப்பன் அடுப்படிக்குப் போனார். பொட்டலத்தை டிரம்முக்குள் தோள்வரை இறக்கிப் புதைத்து, மேலே அரிசியைச் சமமாகத் தடவிவிட்டார்.

"ராத்திரி பூசைக்குப் போயிட்டு வந்து எடுத்து வையி," என்றார், ஷர்லியின் முகத்தைப் பாராமல்.

"நீங்க வரலையா மாமா?"

"அவ அப்புடிச் சொல்லியிருக்க மாட்டா."

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தார். முழங்கை மயிரில் ஒட்டியிருந்த அரிசி, போகிற வழியெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது.