பொட்டு வைத்த அண்டா

எங்கள் ஊர் ஆண்களுக்குப் பிடரியில் சலவைச் சீட்டு தைத்திருக்கும். பெண் பார்க்க வரும்போதே மாப்பிள்ளையைத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிடுவோம். என் வீட்டுக்காரர் இசக்கிராஜாவின் சீட்டில் ஒரு தொட்டிப் படம், நடுவில் ஒரு புள்ளி. தீபாவளிக்கு வெந்நீர் அண்டாவுக்குக் குங்குமப் பொட்டு வைப்போம் இல்லையா, அதேதான் என்று அம்மாவும் நானும் முடிவு செய்தோம்.

தீபாவளியன்று அம்மா வீட்டில் அவருக்கு எண்ணெய் தேய்த்து, சிமெண்டுத் தொட்டிக்குள் உட்காரவைத்து, கொதிக்கக் கொதிக்க ஊற்றினோம். மாமியார் வீட்டில் குறை சொல்வது மரியாதை இல்லை என்று அவர் வாயே திறக்கவில்லை. செம்புக்குச் செம்பு குறைந்துகொண்டே வந்தார். தொட்டி விளிம்புக்கு மேல் தலை மட்டும் தெரிந்தபோதுதான் அம்மா, "போதுமா மாப்பிள்ளை?" என்று கேட்டாள். தண்ணீர் ஆறியதும், கொட்ட மனசில்லாமல் எங்கள் பாப்பாவையும் அதிலேயே முக்கி எடுத்தேன்.

திங்கட்கிழமை அவருக்குப் போலீஸ் தேர்வில் உயரம் அளக்கிறார்கள். இந்த வேலைக்காக வயலைச் சுற்றிச் சுற்றி ஓடிய மனுஷர். ஒரு சாண் குறைந்தவரை யார் எடுப்பார்கள்?

நாத்தனார் ஆவுடை திருப்பூர் பனியன் கம்பெனியில் சீட்டு தைப்பவள். பண்டிகைக்கு வந்தவள் அண்ணன் பிடரியைத் திருப்பிப் பார்த்தாள்.

"மதினி, இது பொட்டு இல்ல. ஒரு புள்ளின்னா வெதுவெதுன்னு ஊத்தணும். எங்க அண்ணன அவிச்சுட்டீங்க."

பிழிந்தால் நீளுமா என்று அம்மா கேட்டாள். முறுக்கிய மிட்டாய் மாதிரி ஒரு படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தது. பிழியக் கூடாதாம். பக்கத்திலேயே ஒரு கட்டம், அதன் மேல்விளிம்பில் தொய்ந்த கோடு. ஈரத்தோடு கொடியில் போடணும் என்றாள் ஆவுடை.

சோற்றுக்கஞ்சியில் ஒருதரம் முக்கி, தோளுக்கு ஒன்றாகக் கிளிப் போட்டோம். கையில் முறுக்கு கொடுத்தோம். கடித்துக்கொண்டே மெல்ல நீண்டார். பெருவிரல் தரையைத் தொட்டதும் கிளிப்பைக் கழற்றினேன்.

மைதானத்தில் உயரம் சரியாக இருந்தது. கஞ்சி மொடமொடப்பில் அவர் அளவுக்கு விறைப்பாக வேறு யாரும் நிற்கவில்லை. அளந்தவர் மீசை எங்கே என்று மட்டும் கேட்டார்.

"சாயம் போயிடுச்சு சார். பாப்பாகிட்ட இருக்கு."

இடுப்பிலிருந்த பாப்பாவைத் தூக்கிக் காட்டினேன். நல்ல அடர்த்தி என்று சொல்லி இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்.

இப்போது அணிவகுப்புக்குச் சேர்ந்துதான் போகிறார்கள். பாப்பாவுக்கு உயரம் போதாது. அதனால் அவர் தோளில் உட்கார்ந்து சல்யூட் வைக்கிறாள்.