தண்டலுக்குச் சொல்லும் பதில்

மலேசியாவில் மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆபிசில் கம்ப்யூட்டர் மறுபடியும் 'பீப்' என்று கத்தியது. திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது. ஆபிஸ் வேலைக்கு இருந்த பிரேமாவதி அதைப் படிக்கவில்லை. "சரிங்க ஐயா" என்று முணுமுணுத்து, சம்மதம் சொல்லும் 'ஒய்' எழுத்தை அமுக்கினாள். கத்தல் நின்றது.

கணக்கு எழுதும் சின்னக் கிராணி ஹெர்பர்ட் சிரித்தான். "என்ன, தண்டல் ஏசுறாரா?"

"ஏசட்டும்ணே. நமக்குப் பழக்கம்தானே."

பழக்கம்தான். அவள் பிறந்தது இதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். வேலையை மேற்பார்க்கும் தண்டல் கத்தினால் என்ன ஏது என்று யாரும் கேட்பதில்லை. தலையைக் குனிந்து "சரிங்க ஐயா" என்றால் அவர் அடுத்த நிரைக்குப் போய்விடுவார். வெளி டிஸ்க்கிலிருந்து வைரஸ் எதுவும் நுழைந்து கெடுத்துவிடாமல் காவல் காக்கத்தான், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பினாங்கு ஆள் அந்த வருடம், எண்பத்தொன்பதில், இந்தப் புரோகிராமைப் போட்டுக் கொடுத்தார். அது ஆபிஸின் சொந்த வேலைக்கும் கத்தியது. ஒன்றுமில்லாததற்கும் கத்தி, "உள்ளே விடலாமா?" என்று கேட்டது. அவளும் ஒவ்வொரு தடவையும் சரி என்றாள்.

தோட்டம் விற்றாகிவிட்டது. லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வெளியூர் போனவர்களின் விலாசங்களைப் பிரேமாவதிதான் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் பிச்சையம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஜொகூர் மாநிலத்தில் கட்டிக்கொடுத்த மகள் இராசாத்தியின் கடித உறையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். "இனி இது எதுக்குக்கா? பத்திரமா உள்ள போட்டாச்சு" என்று அந்தக் கிழிந்த உறையைக் குப்பையில் போட்டதும் பிரேமாவதிதான்.

ஒரு திங்கட்கிழமை ஹெர்பர்ட் டவுனிலிருந்து விளையாட்டு டிஸ்க் ஒன்று கொண்டுவந்தான். "ஆபிஸே சாவு வீடு மாதிரி இருக்கு. கொஞ்சம் விளையாடுவோம்லா."

செருகியதும் கத்தல். "அமுக்கு. அது எப்பவும் கத்தும்" என்றான் ஹெர்பர்ட்.

சரிங்க ஐயா. பிரேமாவதி அமுக்கினாள்.

மறுநாள் திரையில் ஒன்றுமே இல்லை; ஏற்றிய விலாசமெல்லாம் அழிந்துபோயிருந்தது. வேறு டிஸ்க்கில் நகலும் எடுத்து வைக்கவில்லை. பினாங்கு ஆள் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "உள்ள விடறதுக்கு முன்னாடி கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு" என்றாள் பிரேமாவதி.

அந்த வாரமே பிச்சையம்மாள் மூட்டையோடு வந்தாள். வெளியே லாரி நின்றது. "பாப்பா, நான் சுங்கைப்பட்டாணிக்குப் போறேன். இராசாத்திக்கு ரெண்டு வரி எழுதிப் போடு. இல்லாட்டி அந்தப் புள்ள பழைய லயத்துல வந்து நிக்கும்."

"ஜொகூர்ல எந்த ஊருக்கா?"

"அது என் வாயில நுழையாது. நீதானே உள்ள போட்ட?"

பிரேமாவதி நடந்ததைச் சொன்னாள். பிச்சையம்மாள் ஏசவில்லை. குப்பைக்கூடையை மட்டும் எட்டிப் பார்த்தாள். "தோட்டத்த விக்கிறோம்னு சொன்னப்போ நாங்களும் என்ன ஏதுன்னு கேக்கல. சரிங்கன்னோம்" என்றாள். புது விலாசத்தைச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். லாரி போய்விட்டது.

சாயங்காலம் பிரேமாவதி லயத்துக்குப் போனாள். இராசாத்தி வந்தால் தெரியட்டும் என்று, பூட்டிய கதவில் பிச்சையம்மாளின் புது விலாசத்தைச் சாயத்தால் பெரிதாக எழுதினாள். படிக்கத்தான் அங்கே யாருமில்லை.

திரும்பவும் ஒருநாள், சரிசெய்த கம்ப்யூட்டர் கத்தியது. ஹெர்பர்ட் கையை நீட்டினான். "அமுக்குலா."

"கைய எடுங்கண்ணே. தினம் கத்துதுன்னு காத அடைச்சுக்கிட்டா, நெசமா கத்துற அன்னிக்கும் சரிங்கன்னுதான் சொல்லுவோம். என்ன சொல்லுதுன்னு தெரியாம இனி யாருக்கும் நான் சரி சொல்லமாட்டேன்."

ஆங்கில அகராதியை இழுத்து வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் படிக்கத் தொடங்கினாள்.