அன்பரசன் சான்

"கனாக்கோவின் பெயரை வாசிக்கும்போது நீ எழுந்து 'ஹை' என்று சொன்னால் போதும், அன்பரசன் சான்" என்றார் மோரி சென்சே.

வகுப்பாசிரியை அவர்; சென்சே என்றால் ஆசிரியர். நாளைக் காலை பட்டமளிப்பு விழா. அவர் 'அன்பரசன் சான்' என்று கூப்பிட்ட சந்தியாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"என் பெயர் எப்போது வரும், சென்சே?"

"மூன்று வருடம் படித்தவர்களின் பெயர் மட்டும்தான் வாசிக்கப்படும். அதுதான் முறை. உனக்குத் தனியாக ஒரு பரிசு உண்டு."

இதை ஒரு மாதம் முன்னால் சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை. துபாயில் இருந்த அந்த ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிக்கு, ஷார்ஜாவில் தன் இந்தியப் பள்ளியிலிருந்து மாணவர் பரிமாற்றத்தில் ஒரு வருடம் வந்தவள் சந்தியா. விழாவுக்கு அங்கே நடக்கும் ஒத்திகை கல்யாண வீட்டில்கூட நடக்காது. பெயரைக் கூப்பிட்டதும் விறைப்பாக எழ வேண்டும், கூரை அதிர 'ஹை', அதாவது 'ஆம்', என்று சொல்ல வேண்டும், மேடையேறிக் குனிந்து வணங்கி இரண்டு கையாலும் சான்றிதழை வாங்க வேண்டும். ஒத்திகைக்கு எவள் வரவில்லையோ அவள் நாற்காலியில் சந்தியாவை உட்கார வைத்தார்கள். வரிசை கோணக் கூடாதாம். அவளும் ஊரார் பெயருக்கெல்லாம் 'ஹை' சொன்னாள். ஒத்திகைதானே, தன் முறை விழாவில் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தாள் பைத்தியக்காரி.

அது இரண்டாயிரத்து ஒன்பது. பொருளாதாரச் சரிவில் துபாயின் கிரேன்கள் அப்படி அப்படியே நின்றுபோன வருடம். அதே வகுப்பில் மூன்று வருடம் படித்த கனாக்கோவின் அப்பா வேலை பார்த்த கம்பெனி கிளையை மூடிவிட்டது. சோபாவைத் தெருவில் விட்டுவிட்டு அந்தக் குடும்பம் ஒசாகாவுக்குப் போய்விட்டது. நாற்காலி மட்டும் மிச்சம்.

"பெரிய விருந்தினர்கள் வருகிறார்கள். காலி நாற்காலி பார்க்க நன்றாக இருக்காது" என்றார் மோரி சென்சே.

நாற்காலி காலியாக இருக்கக் கூடாதாம், ஒரு வருடம் அதே வகுப்பில் குப்பை கொட்டியவள் பெயர் மட்டும் காலியாக இருக்கலாமாம். என்ன நியாயமோ! சந்தியா பதில் சொல்லவில்லை. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தன் பெயருக்காக மட்டும் அவள் கொதிக்கவில்லை. ஜப்பானியர்கள் குடும்பப் பெயரை முதலில் வைத்து அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவள் வழக்கம்போல அப்பா பெயரை முன்னால் போட்டு 'அன்பரசன் சந்தியா' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அவ்வளவுதான், முதல் நாளிலிருந்தே, மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து, பள்ளி முழுக்க அவள் 'அன்பரசன் சான்' ஆகிவிட்டாள். திருத்த வாயெடுத்தவள் சும்மா இருந்துவிட்டாள். ஏனென்றால் அந்தப் பெயரை ஷார்ஜாவில் கூப்பிட ஆளே கிடையாது.

ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன் அவள் அப்பா. முதலாளி வாயில் அன்பரசன் நுழையவில்லை. நுழைக்க அவர் மெனக்கெடவும் இல்லை. சேர்ந்த வாரமே 'ராஜு' ஆக்கிவிட்டார். வாடிக்கையாளர்களுக்கு அவர் 'பாய்', இந்தியில் அண்ணன். அம்மா நாகஜோதியோ, புருஷன் பெயரைச் சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்று வளர்க்கப்பட்டவள். விசா ஆபீசில் கேட்டால்கூட மகளைக் கையால் இடித்துச் சொல்ல வைப்பாள்.

அதனால் தினமும் வேலை முடிந்து வந்ததும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு என்னைய எத்தனை தடவ கூப்ட்டாங்க பாப்பா?" என்பதுதான்.

வீட்டிலும் ஒத்திகை நடந்தது. பூரிக்கட்டையை மைக்காகப் பிடித்துக்கொண்டு அம்மாதான் சென்சே.

"ம்ஹ்ம்... அவங்க சந்தியா!" என்பாள்.

"அம்மா! ஒழுங்கா ஃபுல் நேம் சொல்லு. ப்ளீஸ்!"

"போடி. அதெல்லாம் எனக்கு வராது."

அதற்குள் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து "ஹை!" என்பார். "எம்பேருதானடி மொதல்ல வருது!"

அன்று மாலை சந்தியா விஷயத்தைச் சொன்னபோது, பக்கத்து ஃபிளாட் சேதுபதியிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா. விழாவுக்குப் பெற்றோர் கறுப்பில்தான் வர வேண்டும். அரைநாள் லீவுக்கு முதலாளியிடம் கெஞ்சாத குறை. அவர் மெதுவாகக் கோட்டைக் கழற்றினார்.

"சரி வுடு பாப்பா. அந்தப் புள்ள பேருக்கு எந்திரிச்சாத்தான் என்ன? ஒத்த வார்த்தைதானே. அவங்க எடம், அவங்க முறை. நாம எதுக்கு வம்பு?"

"ஏங்க, நீங்க ராஜுவா இருந்தது பத்தாதா?" அடுப்படியிலிருந்து வெடித்தாள் அம்மா. "எம்பொண்ணு எதுக்கு எவ பேருக்கோ எந்திரிக்கணும்? அவளுக்குப் பேரு இல்லையா? அவளைப் பெத்தவருக்குத்தான் பேரு இல்லையா?"

அப்பா கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் சந்தியா முடிவுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. கனாக்கோவின் நாற்காலியில், முதுகு சாயாமல், முழங்கால் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள் சந்தியா. பெற்றோர் வரிசையில் கடைசியில் அப்பாவும், கறுப்புச் சேலையில் அம்மாவும் இருந்தார்கள். ஒவ்வொரு பெயராக வந்தது, ஒவ்வொரு 'ஹை'யாக எழுந்தது.

"நகானோ கனாக்கோ."

சந்தியா அசையவில்லை. பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

"நகானோ கனாக்கோ" என்றார் மோரி சென்சே மறுபடியும், குரலில் கொஞ்சம் கெஞ்சலோடு.

சந்தியா எழுந்தாள்.

"கனாக்கோ ஒசாகாவில் இருக்கிறாள், சென்சே. இங்கே இருப்பது நான். என் பெயரைக் கூப்பிடுங்கள்."

மோரி சென்சே தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் பூந்தொட்டியைப் பார்த்தார். முன்வரிசை விருந்தினர்கள் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். சந்தியா உட்காருவதாக இல்லை. விழா முடியும் வரை நிற்க வேண்டுமென்றாலும் நிற்பது என்று காலை ஊன்றிக்கொண்டாள்.

அப்போது பின்னாலிருந்து நாற்காலி கிறீச்சிட்டது.

"அன்பரசன் சந்தியா!"

மைக் வேண்டாத குரல். அம்மா! எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். யாருக்கும் விளங்கவில்லையோ என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"அன்பரசன் சந்தியா!"

"ஹை!" என்றாள் சந்தியா. ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த மூச்சு மொத்தமும் அதில் போனது.

மேடையேறினாள். ஒத்திகையில் பழகியபடியே குனிந்து வணங்கினாள். தலைமையாசிரியர் கையில் இருந்தது கனாக்கோவின் சான்றிதழ். பழக்கதோஷத்தில் அவர் அதை நீட்டினார். சந்தியா கையை உயர்த்தவில்லை. அவர் சற்று நின்றார், சான்றிதழை மேசையில் வைத்தார், பிறகு அவளைவிடத் தாழக் குனிந்து வணங்கினார். மனசார வணங்கினாரா, வணங்கியவளுக்குப் பதில் வணங்காமல் இருக்க முடியாமல் வணங்கினாரா, அது அவருக்குத்தான் வெளிச்சம். சந்தியா வெறுங்கையோடு இறங்கி வந்தாள். பக்கத்து நாற்காலிக்காரி யாருக்கும் தெரியாமல் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. மோரி சென்சே வாசலில் நின்று எல்லோரையும் வழியனுப்பிக்கொண்டிருந்தார். சந்தியா வந்தபோது அவர் "அன்பரசன் சான்" என்று மட்டும் சொல்லித் தலை தாழ்த்தினார். பரிசுப் பொட்டலம் அவர் கையிலேயே இருந்தது. சந்தியா அதைக் கேட்கவில்லை.

ரோலா பஸ்ஸுக்கு மூவரும் நடந்தார்கள். இரவல் கோட்டுக்குள் வியர்த்து வழிந்த அப்பா, அம்மாவையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏய் நாகு."

"என்ன?"

"இன்னொருக்கா கூப்புடேன்."

"ஆளப் பாரு. பஸ்ஸு போயிரும், வாங்க." நாலு எட்டு முன்னால் போனவள் நின்று திரும்பினாள். நடுத்தெருவென்றுகூடப் பார்க்கவில்லை. "அன்பரசன்! வர்றீங்களா இல்லையா?"

"ஹை!" என்றார் அப்பா.